கடைசிப் பக்கம் மட்டும்

தங்கை புருஷன் மேல் குற்றக் குறிப்பாணை, அதாவது மெமோ. அதை அண்ணன்காரனே உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ரைட்டர் அடித்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தார். பிழை விட்டிருந்தாலாவது மனுஷன் கொஞ்சம் தடுமாறினான் என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரருக்கு ரைட்டர் என்று பேர். இருபத்தாறு வருட சர்வீஸில் பத்தொன்பது வருடம் அந்த மரநாற்காலியில்தான் ஓடிப்போனது அவருக்கு. புகார், வாக்குமூலம், லீவு லெட்டர், பறிமுதல் பட்டியல் எல்லாம் அவர் கைதான். ஒரு கான்ஸ்டபிள் பெண்டாட்டியிடம் சண்டை போட்டுவிட்டு வந்து கெஞ்சியபோது மன்னிப்புக் கடிதம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, ‘இது உங்க ரைட்டர் எழுதினது, அவரையே வந்து குடும்பம் நடத்தச் சொல்லுங்க’ என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல ரைட்டர் அடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மின்விசிறி சுற்றுகிறதா, சும்மா நம்மைப் பார்த்துத் தலையாட்டுகிறதா என்று தெரியவில்லை.

“பாலத்துக்கு முன்னாடி, நடு ரோட்ல, அதிகாரி வண்டிக்குள்ள இருக்கும்போதே வண்டியை நிறுத்தி, சாவியை அதிகாரியோட மடியில போட்டுட்டு, உத்தரவு இல்லாம நடந்து போயிட்டாருன்னு போடுங்க.”

“மடியிலன்னு போட்டா நல்லா இருக்காது சார். கையிலன்னு போட்டுறவா?”

“என்னமோ போடுங்க. பின்னாடி எத்தனை ஹார்ன் தெரியுமா ரைட்டரே? ஒரு மீன் வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, ‘சாருக்கு ஓட்டத் தெரியாதா’ங்கறான். யூனிஃபார்மோட நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். உங்க மாப்பிள்ளைன்னு எனக்குத் தெரியும். அதுக்காக நான் அதை மறந்துற முடியுமா?”

“முடியாது சார்.”

“உடம்பு சரியில்ல, மனசு சரியில்லன்னு சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான். அதுக்கும் சேர்த்து அடைச்சிருங்க. விபத்துக்கு அப்புறம் எல்லாரும் ஒரு படிவம் குடுத்தாங்களே, அவன் படிவத்தை எடுங்க.”

ரைட்டருக்கு அந்தப் படிவத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எழுந்து போய், பீரோவைத் திறந்து, படிவ நகல்கள் இருந்த நீலக் கோப்பை எடுத்து வந்து பிரித்து வைத்தார். இருபது கேள்விகள். இருபதுக்கும் ‘இல்லை’ என்கிற கட்டத்தில் டிக்.

“பாத்தீங்களா? நல்லாத்தான் இருந்திருக்கான். திமிரு. எழுதுங்க. ‘தமக்கு எவ்வித மனப் பாதிப்பும் இல்லை என்று தாமே எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்துள்ள நிலையில், இச்செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டது எனக் கருத வேண்டியுள்ளது.’”

தாமே எழுதி என்ற இடத்தில் ரைட்டரின் விரல் ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடிதான். அப்புறம் அடித்துவிட்டார்.

குறிப்பாணையைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவதும் ரைட்டர் வேலை. சம்பந்தப்பட்டவர் இருப்பதோ ரைட்டர் குடியிருக்கிற அதே வீட்டில். மனைவி போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருடமாக அவர் தங்கை வீட்டு முன்னறையில்தான் கட்டில் போட்டிருக்கிறார். காலையில் தங்கை இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டுவாள். ஒன்று புருஷனுக்கு, ஒன்று அண்ணனுக்கு. அண்ணன் டப்பாவில் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும். புருஷன் அதைப் பார்த்துவிட்டு, “நாங்கல்லாம் வந்தவங்கதானே” என்பான். இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக இருந்த வீடு அது.

அன்று சாயங்காலம் ரைட்டர் உள்ளே நுழைந்தபோது கொல்லைக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தங்கை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாலேயே குழாய்ப் பக்கம் காட்டினாள்.

“எத்தனாவது தடவை?”

“நான் எண்ணுறதை விட்டுட்டேன் அண்ணே. சோப்பு ஒரு வாரம்கூட வர்றதில்ல. கையெல்லாம் வெடிச்சுப் போய்க் கிடக்கு.”

தங்கை புருஷன், ஸ்டேஷன் ஜீப் டிரைவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். நாற்பது வயது. வேகமான ஆள், எந்தச் சந்துக்குள்ளும் ஜீப்பை நுழைத்து எடுப்பான் என்று பேர் வாங்கினவன். இப்போது நாற்காலியைக்கூடத் தட்டுத் தடுமாறி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வலது கையை மட்டும் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தான்.

“வந்துருச்சா மச்சான்?”

“வந்துருச்சு மாப்பிள்ளை. ரெண்டு காப்பி. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணுல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.”

ரைட்டரின் கை பழக்கதோஷத்தில் காகிதத்தை மடித்துப் பிடித்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டியது. அந்த ஸ்டேஷனில் அதுதான் வழக்கம். என்ன காகிதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரைட்டர் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டிரைவர் அன்றைக்குக் காகிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்தான். ஒவ்வொரு வரியாக உதடு அசைய மெதுவாகப் படித்தான். மூன்றாவது பத்தியில் உதடு நின்றது.

“தாமே எழுதி...” என்றான். நிமிர்ந்து ரைட்டர் முகத்தைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ரைட்டர் பிழைத்திருப்பார். இல்லை. ‘இதையுமா?’ என்று கேட்கிற மாதிரி பார்த்துவிட்டு, பேனாவை இடது கையால் வாங்கிக் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டான். அப்புறம் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். மறுபடி தண்ணீர் சத்தம் கேட்டது.

“அதுல என்ன அண்ணே எழுதியிருக்கு?” என்றாள் தங்கை.

“வழக்கமா எழுதறதுதாம்மா” என்றார் ரைட்டர். அவள் கொடுத்த டீயைக் குனிந்துகொண்டே குடித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

விஷயம் இதுதான். நான்கு மாதம் முன்பு, கொட்டுகிற மழையில், விடிந்தும் விடியாத ஒரு காலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரியும் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேனும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. வேனில் வந்தவர்களில் ஏழு பேர் அங்கேயே போய்விட்டார்கள். லாரி ஓட்டினவன் மட்டும் நசுங்கின கேபினுக்குள் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டு உயிரோடு இருந்தான். வெட்டி எடுக்கிற மெஷின் வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நம் டிரைவர் உடைந்த ஜன்னல் வழியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். அந்த ஆள் தன் பெண் குழந்தையைப் பற்றிப் பேசினான், லாரி கிளட்ச் பற்றிப் பேசினான், இரண்டு டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொள்கிற மாதிரி பேசினான். நடுநடுவே, “விட்டுறாதீங்க அண்ணே” என்றான்.

மெஷினை ஏற்றி வந்த வண்டி உள்ளே வர ஜீப் இடைஞ்சலாக நின்றது. ஜீப்பை எடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் கத்தினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். சாவி டிரைவர் பையில் இருந்தது. “ரெண்டு நிமிஷம் தம்பி, இந்தா வந்துர்றேன்” என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு போனான். நான்கு நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அந்தக் கை ஜன்னலுக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ரைட்டரும் அங்கேதான் இருந்தார். சாலை நடுவில் இருந்த கட்டைச் சுவரில் உட்கார்ந்து, ஒரு கான்ஸ்டபிள் குடை பிடிக்க, செத்தவர்கள் பொருளைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். செருப்பு, ஒற்றை. சீப்பு, ஒன்று. சாப்பாட்டு டப்பா, ஏழு. டப்பாவை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நம்பர் ஒட்ட வேண்டும். மூன்றாவது டப்பாவை எடுத்தார். சூடாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர் அம்மாவை அனுப்பினார்கள். சின்ன வயசு. பழைய கோப்புகள் கிடந்த பக்கத்து அறையை ஒழித்து, இரண்டு நாற்காலியும் ஒரு ஃபிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு, புதன்கிழமை தோறும் வந்து உட்கார்ந்தாள். பையன்கள் அதற்கு ‘அழுகை ரூம்’ என்று பேர் வைத்தார்கள். அந்தப் பக்கம் போகிறவனைப் பார்த்து, “என்ன, கர்ச்சீப் எடுத்துக்கிட்டியா?” என்பார்கள். அதனால் ஒண்ணுக்குப் போகக்கூட அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கத்திக்குப் பயப்படாத ஆட்கள் எல்லாம் அந்த ஃபிளாஸ்க்குக்குப் பயந்தார்கள்.

அவள்தான் முப்பத்தொரு படிவங்களை ரைட்டர் கையில் கொடுத்தாள். “ஒவ்வொருத்தரும் தனியா உக்காந்து அவங்களே நிரப்பணும் சார். மத்தவங்க பார்க்கக் கூடாது. அவசரமே இல்ல, ஒரு வாரம் எடுத்துக்கோங்க” என்றாள்.

“ஆகட்டும்மா” என்றார் ரைட்டர், ரொம்ப மரியாதையாக.

அன்று மத்தியானமே இன்ஸ்பெக்டர், “அந்தக் காகிதம் நாளைக்கு மேல போயிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். ரைட்டர் முதலில் எல்லாரிடமும் கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அப்புறம் நான்கு பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே மையில் முப்பத்தொன்றும் இருந்தால் மேலே சந்தேகம் வரும் அல்லவா? தொழிலில் அவ்வளவு நேர்த்தி! நீலம், கறுப்பு, கொஞ்சம் வெளிறிய நீலம் என்று மாற்றி மாற்றி டிக் அடித்தார். ஒரு படிவத்துக்கு ஒன்றரை நிமிடம். எல்லாருக்கும் எல்லாம் ‘இல்லை’. ‘ஆம்’ என்று ஒன்று விழுந்தாலும் விளக்கம் எழுத வேண்டும், அந்த ஆளை அனுப்ப வேண்டும், டியூட்டிக்கு ஆள் குறையும். இதில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை அவர்.

கடைசியாகத் தன் படிவத்துக்கு வந்தார். ‘உணவின் மீது விருப்பம் குறைந்துள்ளதா?’ என்று ஒன்பதாவது கேள்வி இருந்தது. அங்கே பேனா நின்றது. ஏனென்றால் விபத்து நடந்த நாளிலிருந்து அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. தங்கை கட்டித் தருகிற டப்பாவை எடுத்தால் அடிப்பக்கம் லேசாகச் சுடும். அவ்வளவுதான், தள்ளி வைத்துவிடுவார். ஸ்டேஷன் பின்னால் ஒரு நாய் திரிந்தது. வேலை ஒன்றும் செய்யாமல் தின்றுவிட்டுத் தூங்குவதால் அதற்கு ‘ஆபீசர்’ என்று பேர். சாப்பாடு முழுவதும் ஆபீசருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ரைட்டர் ஒன்பதாவது கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தார். கறுப்பு மையில்.

முப்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூடப் பாதிப்பு இல்லை என்று மேலே கணக்குப் போனது. ‘இந்த நிலையத்துக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை’ என்று பதில் வந்தது. அந்தப் பெண் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது அந்த அறையில் பறிமுதல் செய்த சைக்கிள்கள் நிற்கின்றன.

இதெல்லாம்கூடப் போகட்டும். இன்னொன்று நடந்தது, அதுதான் ரைட்டரை அரித்தது. கையெழுத்து வாங்கிய அன்று எல்லாரும் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். டிரைவர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “மச்சான், இதை நான் ஒரு தடவை படிச்சுப் பார்க்கட்டுமா?” என்றான். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். ரைட்டருக்கு வேலை அவசரம். “எதுக்கு மாப்பிள்ளை, பரீட்சையா எழுதப் போறீங்க? பாஸாகி அழுகை ரூமுக்கு மானிட்டர் ஆகப் போறீங்களா?” என்று சொல்லிச் சிரித்தார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் எதையும் கேட்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பாலத்தைத் தவிர்த்துச் சுற்று வழியிலேயே ஜீப்பை ஓட்டிச் சமாளித்தான். கடைசியில் இன்ஸ்பெக்டர், “டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா, நேரா போய்யா” என்று ஒருநாள் சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் வண்டி நடு ரோட்டில் நின்றது.

குறிப்பாணை கொடுத்த ஐந்தாம் நாள் மத்தியானம் ரைட்டர் வழக்கம்போல ஸ்டேஷன் பின்பக்கம் போனார். ஆபீசர் அவர் காலடி கேட்டதுமே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. இந்த நான்கு மாதத்தில் நன்றாக உருண்டு திரண்டிருந்தது. டப்பாவைத் துண்டால் பிடித்துத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சோற்றைக் கொட்டினார். முட்டை உருண்டு போய் மதிலோரம் நின்றது.

“அதையும் எடுத்துப் போடு அண்ணே, பாவம் அதுக்கு எட்டல.”

திரும்பினார். தங்கை நின்றுகொண்டிருந்தாள். மதில் வாசல் வழியாக வந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கெஞ்ச வந்தவள், முன்பக்கமாக வரக் கூச்சப்பட்டுக்கொண்டு அண்ணனைத் தேடிப் பின்பக்கம் வந்திருக்கிறாள்.

ரைட்டர் முகத்தில் ஈயாடவில்லை. மூடியை டப்பாவில் பொருத்தப் பார்த்தார். அது பொருந்தவில்லை.

“எத்தனை நாளா?” என்றாள்.

“அது... இன்னைக்கு வயிறு ஒரு மாதிரி...”

“நாயைப் பாத்தாலே தெரியுது அண்ணே. பூசி மெழுகாதே. எத்தனை நாளா?”

“நாலு மாசம்.”

தங்கை படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் நேராக அவள் தலையில் விழுந்தது. அவள் நகரவில்லை.

“காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கட்டறேன். சாயங்காலம் வந்து ‘இன்னைக்குப் பொரியல் நல்லா இருந்துச்சு’ங்கறே. எந்த வாய் அண்ணே அது? நாய் வந்து உன்கிட்ட சொல்லுச்சா, நல்லா இருந்துச்சுன்னு?”

ரைட்டருக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. தங்கை முன்னால் திருட்டுத்தனம் பிடிபட்ட பையனைப்போல நின்றார். நின்றுகொண்டே, அவளைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கு டப்பா ஒண்ணு சூடா இருந்துச்சும்மா.”

“எந்த டப்பா?”

“செத்துப் போனவங்களோடது. மூணாவது டப்பா. சூடு ஆறாம இருந்துச்சு. காலையில எந்திரிச்சு எவளோ கட்டிக் குடுத்திருக்கா. அவளுக்கு இன்னும் தகவலே போயிருக்காது. நான் அது மேல நம்பர் ஒட்டினேன்.” டப்பாவைத் துண்டுக்குள் சுற்றினார். “நீ கட்டறதும் சுடுது. என்னால முடியல.”

தங்கை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. கத்தவில்லை, இறங்கிவிட்டது.

“அங்க அவரு கை கழுவிக்கிட்டே இருக்காரு. இங்க நீ நாய்க்குப் போடறே. ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா என்ன கொறஞ்சு போயிரும்? நடுவுல நான் ஒருத்தி கிறுக்கி, சோப்பும் சோறும் எங்க போகுதுன்னு தெரியாம.”

“தப்புதாம்மா.”

“அந்தப் படிவத்துல உனக்கு என்ன போட்டே?”

ரைட்டர் திடுக்கிட்டார். “எந்தப் படிவம்?”

“என்கிட்ட நடிக்காதே. மெமோவை நானும்தான் படிச்சேன். உனக்கு என்ன போட்டே?”

“இல்லைன்னு.”

“அவருக்கு?”

“...இல்லைன்னு.”

“எனக்கு அன்னைக்கே தெரியும். சாயங்காலம் வந்து, ‘படிச்சுப் பார்க்கக் கேட்டேன், உங்கண்ணன் குடுக்கல’ன்னாரு. அண்ணன் செஞ்சா ஒரு காரணம் இருக்கும்னு நான்தான் அவரு வாயை அடைச்சேன். மெமோ வந்த அன்னைக்கு நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். டீயைக் குடிச்சுட்டுப் படுக்கப் போயிட்டே.” எழுந்து நின்றாள். “நாலு மாசத்துல உனக்கு புரமோஷன் வருது. உண்மையைச் சொல்லி அதைக் கெடுத்துக்கோன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா நாளையிலேர்ந்து உனக்கு டப்பா கட்டல. நாய் பட்டினி கிடந்தா நீயே பார்த்துக்கோ.”

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமலேயே வந்த வழியே போய்விட்டாள். ரைட்டர் காலி டப்பாவோடு நின்றார். ‘எனக்கு அன்னைக்கே தெரியும்’ என்றாளே, அதுதான் அவரை வெட்கத்தில் போட்டுப் பிசைந்தது. தெரிந்துகொண்டேதான் மூன்று மாதத்துக்கு மேலாக அந்தக் கூடுதல் முட்டையை வைத்திருக்கிறாள்.

விசாரணை அடுத்த வாரம் வந்தது. விசாரணை அதிகாரி தலைநரைத்த ஒரு அம்மாள். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்கி, “என் கிளார்க்குக்குக் காய்ச்சல். வாக்குமூலம் எழுத ஆள் வேணும்” என்றாள். இன்ஸ்பெக்டர் சற்றும் யோசிக்காமல், “எங்க ரைட்டர் இருக்காரு மேடம், கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்” என்றார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் ரைட்டர் உட்கார்ந்தார். எதிரே டிரைவர், மடியில் மடித்த துண்டு, துண்டுக்குள் வலது கை. இன்ஸ்பெக்டர் சொன்னதை ரைட்டர் எழுதினார். நடு ரோடு, சாவி, ஹார்ன், மீன் வண்டிக்காரன். அப்புறம் அந்த அம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைன்னு இந்தப் படிவத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப மெமோவுக்குக் குடுத்த பதில்ல, பாலத்தைப் பார்த்தாலே கை நடுங்குதுங்கறீங்க. எதை நான் நம்பறது?”

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மச்சான் மாட்டிக்கொள்வான். அவன் சொல்லவில்லை. வேலையே போனாலும் சொல்ல மாட்டான் என்பது ரைட்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

“மேடம்” என்றார் ரைட்டர். குரல் பிசிறியது. “அதை அவர் எழுதல. நான் எழுதினேன்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நெளிந்தார். “ரைட்டரே, நீங்க எழுதற வேலையை மட்டும் பாருங்க.”

“அதைத்தான் சார் சொல்றேன். முப்பத்தொண்ணையும் நான்தான் எழுதினேன். நாலு பேனாவுல.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்குப் பெரிய ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. “கையெழுத்து?”

“அவங்கவங்க போட்டதுதான். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டி வாங்கினேன்.”

“ஏன்?”

“வழக்கம் மேடம்.”

“அதை உங்க வாக்குமூலமா எழுதுங்க. நீங்களே எழுதுங்க. உங்களுக்கும் ஒரு மெமோ வரும், தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். அதை டைப் அடிக்கறதும் நானாத்தான் இருப்பேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ரைட்டர் புதுத் தாளை எடுத்தார். பத்தொன்பது வருடமாக எத்தனை திருடன், எத்தனை குடிகாரன் சொன்னதை எழுதியிருப்பார்! ‘நான்’ என்று தன்னைப் பற்றி எழுதியது அதுதான் முதல் தடவை. மூன்று பக்கம் எழுதினார். நாயைப் பற்றியும் டப்பாவைப் பற்றியும் எழுதினார். ஆலோசகர் அறை மூடப்பட்டதையும் எழுதினார். அப்புறம், எழுதினதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது முறை என்பதால் படித்தார். கடைசிப் பத்தியைப் படிக்கும்போது அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“இந்தப் பரீட்சை, மானிட்டர், சிரிச்சதெல்லாம் எதுக்கு? கேஸுக்குத் தேவை இல்ல. கோடு போட்டு அடிச்சிருங்க.”

“தேவை மேடம்” என்றார் ரைட்டர். “டிக் அடிச்சதுகூடப் பழக்கத்துல செஞ்சது. இதுதான் நான் அவருக்குச் செஞ்சது. அவர் அன்னைக்கு உதவி கேட்டாரு. இந்த மொத்த ஸ்டேஷன்ல வாயைத் திறந்து கேட்ட ஒரே ஆள் அவருதான். பத்துப் பேர் முன்னாடி நான் சிரிச்சேன். இது இருக்கட்டும்.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

வாக்குமூலம் தன் முன்னிலையில் பதிவானது என்று குற்றம் சாட்டப்பட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும். ரைட்டர் தாள்களை அடுக்கினார். விரல் தானாகப் போய்க் கடைசிப் பக்கத்தின் அடியில் நின்றது. பாழாய்ப்போன விரல். அதை எடுத்துவிட்டு, மூன்று தாளையும் முதல் பக்கம் மேலே இருக்கிற மாதிரி டிரைவர் முன்னால் வைத்தார்.

“படிச்சுப் பாருங்க மாப்பிள்ளை. நிதானமா.”

டிரைவர் இடது கையால் தாளைப் பிடித்துப் படித்தான். அவசரமே படவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். டப்பா வருகிற இடத்தில் டிரைவர் நிமிர்ந்து ரைட்டரைப் பார்த்தான். “இது எனக்குத் தெரியாதே மச்சான்” என்றான் மெல்ல. மறுபடி குனிந்து கடைசி வரிவரைக்கும் படித்தான். படித்து முடித்துப் பேனாவை வாங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“ஏதாவது தப்பா இருக்கா?” என்றாள் அந்த அம்மாள்.

“தப்பு இல்லைங்க மேடம். ஒண்ணு விட்டுப் போச்சு.”

“என்ன?”

டிரைவர் துண்டை மடியிலிருந்து எடுத்தான். தோல் வெடித்துச் சிவந்துபோன வலது கையை, நான்கு மாதத்தில் முதல் தடவையாக, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேஜை மேல் வைத்தான்.

“அன்னைக்கு நானும் சிரிச்சேன் மச்சான். எல்லாரையும்விடச் சத்தமா. அதையும் எழுதுங்க.”

ரைட்டர் பேனாவை எடுத்தார். தாளை இழுத்துக்கொண்டு எழுதினார். கண் மறைத்தது. மூன்று பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.